வெயிலில் நீளும் மின்குழாய்
கிணற்றடி மோட்டருக்குக் கம்பி கொண்டு செல்வோர் கவனிக்க வேண்டியவை

நீரிறைக்கும் மின்மோட்டர் கிணற்றடியில் இருக்கும். மின்மானியோ வீட்டில் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் கம்பியைக் காப்பதற்கு இக்காலத்திற் பெரும்பாலும் பீ.வீ.சீ. எனப்படும் பிளாத்திக்குக் குழாயே பயன்படுகின்றது. இக்குழாய் துருப்பிடியாது, பாரமும் குறைவு. ஆயினும் வெப்பத்தால் மிகுதியாக நீளும் இயல்பு இதற்கு உண்டு. அதற்கு இடங்கொடாது பொருத்திய குழாய் காலப்போக்கிற் பெட்டியிலிருந்து கழன்று விடும். அவ்வழியே மழைநீர் உட்புகும், கம்பியும் வெளித்தெரியும். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நின்று வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சும் கமக்காரருக்கு இஃது உயிராபத்தாகும்.

எவ்வளவு நீளும்?

ஒரு மீற்றர் நீளமான பீ.வீ.சீ. குழாய், வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏறும்போது ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் நீளும். இஃது இரும்புக் குழாய் நீளும் அளவின் ஏறக்குறைய ஆறு மடங்காகும். மதிலோரமாக 20 மீற்றர் தூரம் செல்லும் குழாயொன்று அதிகாலையில் 25 பாகையிலும், நடுப்பகல் வெயிலில் 55 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 30 பாகை. 20, 30, 0.07 ஆகியவற்றைப் பெருக்க 42 மில்லிமீற்றர் வரும். அதாவது, அக்குழாய் நாள்தோறும் இரண்டு விரற்கடை போல நீண்டு, மீண்டும் சுருங்குகின்றது. இரு முனைகளையும் இறுகப் பிணைத்தால் பகலில் அது வளைந்து பிடிவளையங்களைப் பெயர்க்கும். இரவிற் சுருங்கி மூட்டுக்களை இழுத்துப் பிரிக்கும்.

செய்ய வேண்டியவை

1. இயலுமிடத்துக் குழாயை மண்ணுட் புதைக்குக. மண்ணுள் வெப்பம் அதிகம் மாறாது. கற்பாறை நிலத்தில் இது கடினமாயின், நிழல் விழும் பக்கமாகக் கொண்டு செல்க.

2. நேராகச் செல்லும் நீண்ட குழாயில் விரிவு மூட்டுப் பொருத்துக. ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் இரு பகுதிகளைக் கொண்டது இம்மூட்டு. வழுக்கும் பக்கத்துக்குப் பசை பூசலாகாது.

3. மூட்டின் உடலை மதிலில் இறுகப் பிணைக்குக. குழாயைத் தாங்கும் பிடிவளையங்களோ குழாய் வழுக்கிச் செல்லுமாறு சற்றுத் தளர்வாக இருத்தல் வேண்டும்.

4. வெயில் நேரத்திற் பொருத்தினால், குழாய் ஏற்கெனவே நீண்டிருக்கும். ஆதலால் வழுக்கும் பகுதியை ஏறக்குறைய முழுவதும் உட்செலுத்துக. குளிர்ந்த காலையிற் பொருத்தினால், நீள்வதற்கு வேண்டிய இடைவெளியை விட்டுவைக்குக.

5. நிலைக்குத்தான குழாயில் மூட்டின் வாய் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மேல்நோக்கியிருப்பின் மழைநீர் உட்செல்லும்.

6. செப்புக் கம்பி குழாயளவு நீளாது. ஆதலின் ஒவ்வொரு பெட்டியினுள்ளும் கம்பியைச் சிறிது தளர்த்தி விடுக.

7. பிளாத்திக்கு மின்னைக் கடத்தாது. ஆகவே புவித்தொடுப்புக்கெனத் தனிக் கம்பி ஒன்று மோட்டர் வரை கட்டாயம் செல்லுதல் வேண்டும்.

இவ்வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்விக்குக. எனினும் குழாயைக் கண்ணாற் பார்த்து வருதல் கமக்காரர் அனைவர்க்கும் இயலும். வளைந்த குழாயையோ, கழன்ற மூட்டையோ கண்டால் அதனைத் தொடாது, வீட்டிலுள்ள பிரதான ஆளியை நிறுத்தி, திருத்திய பின்னரே நீரிறைக்குக. பயிர் ஒருநாள் நீரின்றிப் பொறுக்கும்; போன உயிர் மீளாது.