காற்றும் கணக்கும் – 14: வானிலைத் தந்திக்குப் பொதுவழி

மீனம்பாக்கத்தின் எண் 43279. நுங்கம்பாக்கத்துக்கு 43278, கொழும்புக்கு 43466. உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களுக்கு இப்படி ஐந்து இலக்கத்தில் ஓர் எண் உண்டு. நமக்கு அதிகாலை ஐந்தரை, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டு. அந்த நேரத்தில் எல்லா நிலையங்களும் ஒரே சமயத்தில் காற்றையும் வெப்பத்தையும் அளந்து, அளந்ததை ஐந்தைந்து இலக்கங்களாக வெட்டி அனுப்புகின்றன. 10285 என்று ஒரு தொகுதி வந்தால், முதலில் நிற்கும் 1 'இது வெப்பநிலை' என்கிறது, அடுத்த 0 பூஜ்யத்துக்கு மேல் என்கிறது, மிச்சம் 28.5 டிகிரி. 40092 என்றால் கடல்மட்டக் காற்றழுத்தம் 1009.2 ஹெக்டோபாஸ்கல். ஆயிரத்துக்கான 1-ஐ எழுதுவதில்லை. தந்திக் காலத்துச் சிக்கனம் அது. அளவுகள் எடுக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அவை பயணம் போகும் வழி. அறுபது ஆண்டு பழைய அந்த வழி இப்போது மாற்றப்படுகிறது. இதை வேகத்தின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வானிலைத் துறை தனக்கென்று ஒரு தனிவழி போட்டு வைத்திருந்தது. அதுவே அதன் பலம், பிற்பாடு அதுவே பலவீனம். இப்போது அது எல்லோரும் நடக்கும் பொதுவழிக்கு இறங்கி வருகிறது. இதில் அதிக லாபம் பெரிய நாடுகளுக்கு அல்ல, சிறிய நாடுகளுக்கு.

தனிவழி போட்டவர்களைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 1963-ல் உலக வானிலை அமைப்பின் நான்காவது மாநாடு 'உலக வானிலைக் கண்காணிப்பு' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகாத சமயம். அப்படியிருந்தும் மாஸ்கோ, வாஷிங்டன், மெல்போர்ன் மூன்றும் உலக மையங்களாகி, ஒன்றுக்கொன்று தரவு அனுப்ப ஒப்புக்கொண்டன. அந்தத் திட்டத்தின் நரம்புதான் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு. துறையில் எல்லோரும் ஜி.டி.எஸ். என்பார்கள். மூன்று உலக மையங்களும் பதினைந்து வட்டார மையங்களும் சேர்ந்து அதன் முதுகெலும்பு. அந்தப் பதினைந்தில் புதுடெல்லியும் ஒன்று. பனிப்போர் முழுக்க, தூதரகங்கள் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலும், இந்தக் கம்பிகளில் காற்றழுத்தம் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்று மேடைகளில் பேசப்படும் பலவற்றைவிட இது பெரிய சாதனை என்பேன்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. ஒவ்வொரு செய்தித் தொகுப்பின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும். எஸ்-எம்-ஐ-என் என்று தொடங்கினால், எஸ் தரைமட்ட அளவு, எம் முக்கிய நேரத்தில் எடுத்தது, ஐ-என் இந்தியா. பின்னால் டி-இ-எம்-எஸ் என்று வந்தால் புதுடெல்லியில் தொகுத்தது. அதற்கும் பின்னால் தேதி, நேரம். ஒவ்வொரு மையத்திலும் ஒரு பட்டியல் உண்டு: இந்தத் தலைப்பு வந்தால் இந்தக் கம்பியில் அனுப்பு, அந்தத் தலைப்பு வந்தால் அந்தக் கம்பியில். ஓடும் ரயிலில் ஆர்.எம்.எஸ். ஊழியர்கள் தபாலைப் பிரித்துப் பைகளில் போட்டார்களே, அதே வேலை. பிரிப்பவருக்கு ஊர் தெரிந்திருக்கும்வரை சிக்கல் இல்லை. புதிதாக ஓர் ஊர் முளைத்தால்தான் வம்பு. ஒரு சிறிய நாடு புதிய நிலையங்கள் அமைத்துப் புதிய தொகுப்பு ஒன்றை அனுப்ப விரும்பினால், முன்கூட்டியே அறிவித்து, வழியில் உள்ள மையங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு மையம் சேர்க்க மறந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும். நின்றது அனுப்பியவருக்குத் தெரியாது. வரவேண்டியது ஒன்று உண்டு என்பதே பெறவேண்டியவருக்குத் தெரியாது.

இரண்டாவது சிக்கல், அளவு. எழுத்தும் எண்ணுமான செய்தி ஒன்று 15,000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கணினிக் குறியீட்டுச் செய்தி ஐந்து லட்சம் பைட்டைத் தாண்டக் கூடாது. நம் கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே அதைவிடப் பெரிது. செயற்கைக்கோள் படங்களும் ரேடார் பதிவுகளும் கணினி மாதிரிகளின் முடிவுகளும் இந்தக் குழாயில் நுழையாது. வசதி உள்ள நாடுகள் பக்கவாட்டில் வேறு வழிகள் போட்டுக்கொண்டன: செயற்கைக்கோள் ஒளிபரப்பு, இருதரப்பு இணைப்பு, இணையதளம். வசதி இல்லாதவர்கள் பழைய குழாயிலேயே தங்கிப்போனார்கள். ஒரே உலக வலையமைப்பு என்ற பெயருக்குள் இரண்டு உலகங்கள் உருவானது அப்படித்தான்.

நவீனமாக்கும் முயற்சி இது முதல்முறை அல்ல. 2003-ல் முடிவெடுத்து 2012-ல் 'விஸ்' என்ற தகவல் அமைப்பைத் தொடங்கினார்கள். பதினைந்து உலக மையங்கள், தேடிப் பார்க்கப் பட்டியல், எல்லாம் இருந்தன. ஆனால் தரவு ஓடியது என்னவோ பழைய ஜி.டி.எஸ். மேலேதான். ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் கனமான விவரக்குறிப்பு எழுதிப் பதிய வேண்டும். அதைப் படித்து எழுதத் தெரிந்தவர்கள் பெரிய நாடுகளில் இருந்தார்கள். நான்கைந்து பேர் கொண்ட தீவு நாட்டு அலுவலகத்தில் இல்லை. பழைய வீட்டின் மேல் மாடி கட்டியதோடு சரி, கீழே ஒழுகிய குழாய் அப்படியே இருந்தது.

குறியீட்டு மாற்றத்திலும் இதே கூத்து நடந்தது. ஐந்தைந்து இலக்கத் தந்தி மொழிக்குப் பதிலாக 'பஃபர்' என்ற கணினிக் குறியீட்டுக்கு நாடுகள் மாற வேண்டும், பழையதை 2014 இறுதியோடு விட்டுவிடலாம் என்பது திட்டம். பஃபரில் வானிலை பலூன் மேலே போகும்போது சில விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவும், அந்தந்தக் கணத்தில் அது காற்றில் எவ்வளவு தூரம் ஒதுங்கியிருந்தது என்பதும் சேர்த்து அனுப்பலாம். தந்தி மொழியில் அதற்கு இடமே இல்லை. சில குறிப்பிட்ட உயரங்களின் அளவை நான்கு துண்டாக்கி அனுப்புவார்கள். பல நாடுகள் செய்தது என்ன? தந்திச் செய்தியை முதலில் தயாரித்து, அதையே மென்பொருளில் போட்டுப் பஃபராக மாற்றி அனுப்பின. துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன, விட்டுப்போன உயரங்கள் விட்டுப்போனபடியே. பழைய கள், புதிய மொந்தை. கெடு கடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் தந்திச் செய்திகள் ஓடிக்கொண்டே இருந்தன. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம் என்று விட்டால், பழையது தானாகச் சாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது வந்திருப்பது 'விஸ் 2.0'. 2023 மாநாட்டில் அதன் விதிகள் ஏற்கப்பட்டன, 2024-ல் ஒத்திகை, 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறை. இதன் மையத்தில் இருப்பது எம்.க்யூ.டி.டி. என்ற ஒரு நெறிமுறை. வானிலைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல அது. பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் குறைந்த செலவில் கண்காணிக்க, 1999-ல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எழுதியது. இன்று வீட்டு மின்சாதனங்களிலிருந்து தொழிற்சாலை வரை எங்கும் ஓடுகிறது. வேலை எளிது. ஒரு நாடு தன் தரவைத் தன் கணினியில் வைத்துவிட்டு, 'இன்ன தரவு, இன்ன முகவரியில், இப்போது வந்திருக்கிறது' என்று ஒரு சின்ன அறிவிப்பை வெளியிடும். தரகர் என்று பெயர் வைத்திருக்கும் பொதுக் கணினிகள் அதை உலகெங்கும் பரப்பும். பிரேசில், சீனா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகியவை அந்தப் பொறுப்பை ஏற்றவை. வேண்டியவர்கள் சந்தா வைத்திருப்பார்கள். அறிவிப்பு வந்ததும் முகவரியில் போய் எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் நெரிக்காமல் இருக்க, ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, சவுதி அரேபியா போன்ற நாடுகள் பிரதி வைத்திருக்கும். யாருடைய பட்டியலையும் யாரும் திருத்தக் காத்திருக்க வேண்டாம்.

இதை நிறுவ 'விஸ்2பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. சாதாரண சர்வர் ஒன்று போதும். தானியங்கி நிலையம் கக்கும் அட்டவணைக் கோப்பை உள்ளே போட்டால், அதுவே பஃபராக மாற்றி, அறிவிப்பும் வெளியிட்டுவிடும். ஆப்பிரிக்காவில் மலாவி இதை முதலில் கையில் எடுத்த நாடுகளில் ஒன்று. வானிலைக்கென்றே பிறந்த சிறப்பு உபகரணம், சிறப்பு நிபுணர், சிறப்புக் கம்பி எதுவும் தேவையில்லை; கல்லூரி முடித்த ஓர் இளம் நிரலாளருக்குத் தெரிந்ததே போதும். மாற்றத்தின் சாரம் இதுதான் என்பது என் கட்சி. வேகம் கூடியது உபரி.

எதிர்வாதங்கள் உண்டு, சில்லறை வாதங்களும் அல்ல. முதலாவது பாதுகாப்பு: தனிக் கம்பியை விட்டுப் பொது இணையத்தை நம்பலாமா? 2022 ஜனவரி 15-ல் டோங்கா அருகே எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தது. இணைப்பு திரும்ப ஐந்து வாரமானது. தரவு மிக அவசியமான நேரத்தில்தான் இணையம் சாகும் என்பார்கள். உண்மை. ஆனால் இன்றைய ஜி.டி.எஸ். 'தனிக் கம்பி'கள் பெரும்பாலும் ஓடுவதும் அதே கேபிள்கள் வழியாகத்தான். கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். அதற்கு மருந்து செயற்கைக்கோள் மாற்றுவழி. எந்த முறையை வைத்தாலும் அது வேண்டும். மாறாக, பழைய முறையில் வட்டார மையம் ஒன்று முடங்கினால் அதன் பின்னால் இருக்கும் நாடுகள் எல்லாம் இருட்டில். புதிய முறையில் ஒரு தரகர் படுத்தால் மற்ற மூவர் இருக்கிறார்கள். ஊடுருவல் பயம் நியாயமானது. கையொப்பமும் குறியாக்கமும் வங்கித் துறை தினமும் சமாளிக்கிற வேலைதான்.

இரண்டாவது, கடைசி மைல் வாதம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. புயல் வருவது புதுடெல்லியிலிருந்து முன்கூட்டியே அந்நாட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தரவு போயும் பயனில்லையே, அந்தப் பணத்தைக் கிராமத்து ஒலிபெருக்கிக்குச் செலவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒலிபெருக்கி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதில் சொல்ல ஒரு செய்தி வேண்டும், அந்தச் செய்தி பக்கத்து நாட்டு அளவுகளிலிருந்து பிறக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலை அருகே கரையேறி, இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திருகோணமலையின் காற்றழுத்தம் பாம்பனுக்கு வெறும் அண்டை வீட்டுச் செய்தியா என்ன?

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. 2021-ல் உலக வானிலை அமைப்பு புதிய தரவுக் கொள்கையை ஏற்றது: மையத் தரவு எனப்படுவதை எல்லோருக்கும் இலவசமாக, நிபந்தனையின்றித் தர வேண்டும். ஏழை நாடு பலூன் விட, கூகுளும் ஹுவாவேயும் அந்தத் தரவில் செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கி லாபம் பார்க்குமே? அவற்றின் கிராஃப்காஸ்ட், பாங்கு போன்ற மாதிரிகள் கற்றது ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் 'இரா5' தொகுப்பிலிருந்து. அதன் அடியில் கிடப்பது பல பத்தாண்டுகளாக உலக நாடுகள் ஜி.டி.எஸ்.சில் போட்ட அளவுகள். இந்தக் குறை நியாயம். ஆனால் தரவைப் பூட்டி வைத்தால் கெடுவது தன் ஊர் முன்னறிவிப்புதான். 2015 தொடக்கத்தில் ரஷ்யா செலவைக் குறைக்கப் பலூன்களைப் பாதியாக்கியபோது முன்னறிவிப்பின் தரம் இறங்கியதை ஐரோப்பிய மையம் அளந்து காட்டியது. சரியான பதில் பூட்டல்ல, பணம். 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் தொடங்கிய 'சாஃப்' நிதி, ஏழை நாடுகளின் அளவெடுப்புச் செலவைப் பொதுச் செலவாக ஏற்கிறது. தரவில் பெரும் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் அதில் பங்கு போடுவதைக் கட்டாயமாக்கலாம்; அந்தப் பேச்சு இன்னும் சூடுபிடிக்கவில்லை.

வலையமைப்பு எவ்வளவு நவீனமானாலும், எடுக்காத அளவை அனுப்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். தரையில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், மணிக்கொரு அளவு. மேல்காற்றுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு பலூன் நிலையம், நாளுக்கு இருமுறை: இது உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சம். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் பசிபிக் தீவுகளும் இதற்கு வெகுதொலைவில். ஆனாலும் பொதுவழி ஓர் உபகாரம் செய்கிறது. எந்த நிலையம் வாய்திறக்கவில்லை என்பதை ஆறு மணிக்கொருமுறை உலக வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும் கண்காணிப்புத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி கறுத்திருந்தால், 'கம்பி சரியில்லை, மையம் அனுப்பவில்லை' என்று இதுவரை சமாதானம் சொல்லலாம். இனி அந்தச் சமாதானம் செல்லாது. அளக்கவில்லை, அல்லது தர மனமில்லை; இரண்டில் ஒன்று.

ஜெர்மனியும் ஜப்பானும் இரு முறைகளுக்கும் நடுவே பாலம் போட்டிருக்கின்றன. அவற்றின் வழியாகப் பழைய செய்தி புதிய வலைக்கும் புதியது பழைய வலைக்கும் போகிறது. 2030 வரை மாற்றக் காலம் என்கிறார்கள். பாலம் நல்லது, ஆனால் பாலத்திலேயே குடியிருந்துவிடக் கூடாது. பஃபருக்கு நேர்ந்தது இதற்கும் நேராமலிருக்க, வட்டார மையமாக இருக்கும் புதுடெல்லி தன்னிடமுள்ள தந்தி வரிசைகளை மூடும் தேதியை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மத்திய அரசின் நிலையங்களோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு உள்ளிட்ட மாநில அரசுகள் அமைத்துள்ள தானியங்கி மழைமானிகளையும் இந்த வலையில் வெளியிட அனுமதிக்க வேண்டும். அதற்குத் தேவையான மென்பொருள் இலவசம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

(தொடரும்)