பத்து ரூபாய்ப் பங்கில் எழுந்த வங்கி

அதிகாலையில் வட்டிக்காரரிடம் கடன் வாங்கி மரக்கறி எடுப்பாள். பகல் முழுதும் தெருவோரத்தில் குந்தியிருந்து விற்பாள். மாலையில் கடனையும் வட்டியையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சில்லறையில் அடுப்பு மூட்டுவாள். மறுநாள் மீண்டும் அதே வட்டிக்காரரின் வாசல்!

1970களில் குஜராத்தின் அஹமதாபாத் நகரில் எத்தனையோ பெண்களின் வாழ்வு இவ்வாறுதான் சுழன்றது. இச்சுழலை உடைக்க முன்வந்தவர் இலா பட் என்ற பெண்மணி.

1933இல் பிறந்த இவர் சட்டம் பயின்று, 1955இல் அந்நகரின் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். காந்தியடிகளின் வழிகாட்டலில் 1920இல் தோன்றிய பெரும் சங்கம் அது. 1968இல் அதன் மகளிர் பிரிவுக்குப் பொறுப்பானார். அப்போதுதான் ஆலைச் சுவருக்கு வெளியே இருந்த பெண்கள் அவர் கண்ணில் பட்டார்கள். துணிமூட்டை சுமப்போர், வண்டி இழுப்போர், தெருவில் விற்போர், வீட்டிலிருந்து தைப்போர்... உழைக்கிறார்கள்; ஆனால் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் அல்லர்.

இவர்களுக்காக 1972இல் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது ஒரு தடை எழுந்தது. முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்றனர் அதிகாரிகள். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, உழைப்போர் ஒன்றுசேர்வதற்கும்தான் என்று வாதாடி வென்றார் இலா பட்.

ஆனால் கூலிக்காகப் போராடினால் மட்டும் போதுமா? அந்நகரின் தரியாப்பூரில் முஸ்லிம் பெண்கள் பலர், ஆலைகளில் கழிக்கப்படும் துண்டுத் துணிகளை இணைத்து மெத்தைப் போர்வை உறைகள் தைத்து வந்தனர். கூலியை உயர்த்தக் கேட்டபோது வியாபாரிகள் வேலையையே நிறுத்தினர். துணியும் முதலும் பிறர் கையில் இருக்கும்வரை, கேட்டுப் பெற்ற உரிமைகூட நிலைப்பதில்லை. பின்னர் 'சேவா'வின் துணையோடு துணியைத் தாமே வாங்கித் தைத்து விற்கத் தொடங்கினர்.

முதலுக்கு எங்கே போவது? 1969இல் இந்தியாவின் பெரிய வங்கிகள் அரசுடைமையாயின. ஆயினும் கையெழுத்துத் தெரியாத, ஈடு வைக்க ஏதுமற்ற, கைக்குழந்தையோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. "எமக்கென ஒரு வங்கி வேண்டும்" என்ற எண்ணம் அப்பெண்களிடையே எழுந்தது. சுமார் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட, 1974இல் 'சேவா' கூட்டுறவு வங்கி பிறந்தது. எழுத்தறியாதோரைக் கையெழுத்துக்குப் பதிலாகப் புகைப்படமே அடையாளம் காட்டியது.

அதுவும் வட்டி வாங்கும் வங்கிதான்; அதில் எமது மார்க்க நிலைப்பாடு வேறு. எனினும் அங்கே பங்குதாரரும் அவர்களே, கடன் பெறுவோரும் அவர்களே. ஏழையின் சேமிப்பு ஏழையின் தொழிலுக்கே திரும்பியது.

1981இல் ஆலைத் தொழிலாளர் சங்கம் இலா பட்டையும் 'சேவா'வையும் வெளியேற்றியது. தாய்ச் சங்கம் கைவிட்டபோதும் அப்பெண்கள் தளரவில்லை. சொந்த வங்கி அவர்களுக்குத் துணை நின்றது. 2022இல் இலா பட் மறைந்தார். அவர் நட்ட மரம் இன்றும் நிழல் தருகிறது.

சமூகப் பொறுப்புள்ள முதலீடு என்று இன்று பெரிய நிறுவனங்கள் பேசுகின்றன. அதன் சாரம் எளிய ஒரு கேள்வியே: என் பணம் யாருடைய கையைப் பலப்படுத்துகிறது?

சகோதரிகளே! அடுத்த முறை சேமிப்பை எங்கேனும் ஒப்படைக்கும் முன், இக்கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்போமா?