கறிவேப்பிலைச் செடியில் ஒரு சஃபாரி... பூச்சிப் படங்கள் மங்கலாவது ஏன்?

கிரிவலம் வருபவர்களின் கண் மலை மேலேயே இருக்கும். அந்த 14 கிலோமீட்டர் பாதையோரத்து எருக்கஞ்செடியைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு புழு நிதானமாக இலையைத் தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. திருவண்ணாமலை மலைச்சரிவில் 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்பு பல ஆண்டுகளாக உள்ளூர் மரங்களை நட்டு வருகிறது. பசுமை திரும்பும் இடத்துக்கு முதலில் வந்து சேர்பவை இந்தச் சின்ன உயிர்கள்தாம்.

ஆசையாக மொபைலை நீட்டினால் இலை நரம்பு பளிச்சென்று விழுகிறது. புழு மட்டும் கலங்கிப்போகிறது. கோளாறு கேமராவில் இல்லை. பொருளை நெருங்க நெருங்க, தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் சுருங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, பூச்சியின் நிஜ அளவுக்கே எஃப் 8-ல் எடுத்தால் அந்த ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஒரு மூச்சு இழுத்தாலே தாண்டிவிடும்! அப்பர்ச்சரை எஃப் 16-க்குக் குறைத்தால் ஆழம் இரட்டிப்பாகும். ஆனால், இத்தனை நெருக்கத்தில் துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கத் தொடங்கும். வெளிச்சமும் குறையும், ஃபிளாஷ் தேவைப்படும். ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பர் கட்டினால் வண்டின் முதுகு கண்ணைக் கூசாது.

ஆட்டோ ஃபோகஸை நம்பாதீர்கள். தூரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் தொடர்ச்சியாகக் க்ளிக் செய்ய வேண்டும். இருபதில் ஒன்று தேறினால் லாபம். காற்றடிக்கிறதா? இடது கையால் காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வையுங்கள். இலையும் கேமராவும் சேர்ந்தே ஆடும். பக்கவாட்டில் எடுத்தால் தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் விழும்.

மொபைல்காரர்களுக்கு ஒரு விஷயம். பல போன்களில் 'மேக்ரோ' என்று தனியாக வரும் 2 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் பெயருக்குத்தான். மெயின் கேமராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, திரையில் பூச்சியை அழுத்தி ஃபோகஸைப் பூட்டி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வதே மேல். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள்.

இதெல்லாம் அழகுக்காக மட்டுமல்ல. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தைப் பதிந்தால், என்ன இனம் என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். குதிக்கும் சிலந்தி என்றால் எட்டுக் கண்களின் அமைப்பு தெரிய வேண்டும். மங்கினால் அந்தப் பதிவு பெயரில்லாமலே கிடக்கும்.

தெளிவான படத்துக்காகப் பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்துச் சோர்வாக்குவதும், பசை தடவி நிறுத்துவதும் சிலரிடம் உண்டு. அது படமெடுப்பது இல்லை, வதை. தேவையும் இல்லை. விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் தாமாகவே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடிக் கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால், தட்டிவிடாமல் உற்றுப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.