ஒரு கட்டைக்கு இரண்டு ஜோடிக் குழல்
மலையடிவாரத் தொடர் – 17

காட்டுப்பன்றி பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வடகரைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, பன்னியை விடுங்க. எங்க தாத்தாவோட துப்பாக்கிப் பெட்டிக்குள்ள ரெண்டு ஜோடி பேரல் கிடக்கு. ஒண்ணு பன்னிரண்டு போர், இன்னொண்ணு இருபது. அந்தச் சின்னதை மாட்டிச் சுடலாமா? வச்சிருக்கதுல ஏதும் அர்த்தம் உண்டுமா?”

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் தலைமுறையாகக் கைமாறி வந்த லைசென்ஸ் துப்பாக்கிகள் இன்னும் உண்டு. அதனால் இந்த வாரம் அதற்கே.

முதலில் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால் அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபதாகப் பிடித்தால் உருண்டை சிறுக்கும், குழலும் 15.6 மில்லிமீட்டராக ஒடுங்கும். எண் கூடக்கூடக் குழல் சின்னது.

இரட்டைக் குழல் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றினால் குழல் ஜோடி தனியே கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் இன்னொரு ஜோடியை மாட்டலாம். இங்கிலாந்துத் துப்பாக்கிப் பட்டறைகள் இதை வைத்து நல்ல வியாபாரம் செய்தன. ஒரே கட்டை, ஒரே பூட்டு, இரண்டு ஜோடிக் குழல். எல்லாம் ஒரே தோல்பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. கடிகாரத்துக்குப் பேர்போன மதராஸ் மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் கடையும் அந்தக் காலத்தில் துப்பாக்கி விற்றது. ஊத்துமலை, சிவகிரி என்று ஜமீன்கள் இருந்த வட்டாரம் இது. சீசனுக்குக் குற்றாலம் வந்து தங்கிய வெள்ளைக்கார அதிகாரிகளும் உண்டு. குளத்தில் இறங்கும் வாத்துக்குப் பெரிய குழல், தரிசில் கிளம்பும் காடை கௌதாரிக்குச் சின்னக் குழல் என்பது அவர்கள் கணக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு அந்தக் கணக்கு படிப்படியாக முடிந்தது.

வேட்டை நடந்த காலத்தில்கூட இந்த இரண்டாவது ஜோடி அவ்வளவு லாபமான ஏற்பாடாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். 20 போரை விரும்புவோர் சொல்லும் முதல் காரணம் எடை. 20 போராகவே பிறந்த துப்பாக்கி ஏறக்குறைய 2.7 கிலோ இருக்கும், 12 போர் 3 கிலோவைத் தாண்டும். ஸ்பேர் குழலில் இந்த வித்தியாசம் நிற்காது. பூட்டில் தோட்டாவைத் தட்டும் இரண்டு ஊசிகளும் 12 போருக்கென்று வைத்த இடைவெளியிலேயே இருக்கின்றன. அவற்றை நகர்த்த முடியாது. அந்த ஊசிகளுக்கு நேராகத் தோட்டாவின் நடுப்புள்ளி வரவேண்டும் என்றால், சின்னக் குழல்களையும் அதே இடைவெளியில்தான் பொருத்தவேண்டும். அடிப்பகுதியும் 12 போரின் பருமனில் இருந்தால்தான் பூட்டில் உட்காரும். துளை சின்னது, வெளிச்சுற்று பெரியது. நடுவில் முழுக்க இரும்பு. மாட்டிப் பார்த்தால் எடை பழைய எடைதான், சிலதில் கூடவும் செய்யும். கைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று வாங்கியவருக்கு இதில் மிச்சம் ஒன்றுமில்லை.

ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக்கூடாது. கனமான துப்பாக்கியில் சின்னத் தோட்டா வெடித்தால் தோளில் உதை குறையும். ஆனால் அதற்கு எதற்குத் தனிக் குழல்? 12 போரிலேயே ரவை குறைந்த தோட்டா போதுமே. பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் 12 போர் துப்பாக்கியில் 24 கிராம் ரவைத் தோட்டாதான் போடுகிறார்கள். 20 போர் தோட்டாவில் வழக்கமாக இருப்பதும் ஏறத்தாழ அந்த எடைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கையில் இருந்ததும் இந்த ஏற்பாடே. அமெரிக்க ஸ்கீட்டில் மட்டும் 12, 20, 28, .410 என்று நான்கு அளவுக்கும் தனித்தனிப் பந்தயம் நடக்கிறது. அங்கே ஒரே கட்டைக்குப் பல குழல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பந்தயம் நம் ஊரில் இல்லை.

இனி ஆபத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது பின்பக்கம் நிற்காது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய், தோட்டா அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் விளிம்பு தட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். ‘போட மறந்துவிட்டோம் போல’ என்று ஒருவர் 12 போர் தோட்டாவைச் செருகிச் சுட்டால், முன்னால் நிற்கும் தோட்டாவும் சேர்ந்து வெடிக்கும். குழல் பிளக்கும் இடம் இடது உள்ளங்கை தாங்கிப் பிடித்திருக்கும் இடத்துக்கு அருகில். இப்படி விரல் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. இதைத் தவிர்க்கத்தான் 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது. பழைய காகிதத் தோட்டாவில் அந்த நிறத்தை நம்ப முடியாது. இருட்டில் தோப்புக்குள் நிற்பவருக்கு மஞ்சளும் தெரியாது, சிவப்பும் தெரியாது. இரண்டு அளவுத் தோட்டாவும் ஒரே பையில் கிடக்கும் வீட்டில்தான் இந்த விபத்துக்கு வழி இருக்கிறது.

பழைய குழலில் இன்னொரு சிக்கல், அறையின் நீளம். அந்தக் காலத்தது பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இப்போதைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதிலும் உள்ளே போய்விடும், ஏனென்றால் அந்த அளவு வெடித்து விரிந்த பிறகு உள்ளது. விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறும். கரும்புகை மருந்துக்கென்று செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்றைய தோட்டாவை நினைக்கவே வேண்டாம்.

தோட்டா கிடைப்பதும் கஷ்டம். கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது புனே கட்கித் தொழிற்சாலையின் 12 போர் தோட்டாதான். 20 போருக்கு அலைய வேண்டும்.

பிறகு நம் ஊர்ச் சாரல். ஜூனில் தொடங்கினால் குற்றாலத்துக் காற்றில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். பயன்படுத்தும் குழலை யாராவது துடைத்து எண்ணெய் போடுவார்கள். ஸ்பேர் குழல் தோல்பெட்டியிலேயே கிடக்கும். தோலும் உள்ளே விரித்த துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் அறைக்கு அருகே அம்மைத் தழும்பாகத் துரு.

‘பன்றிக்காவது உதவுமா’ என்று கேட்பார்கள். எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை அவுன்சுக்கு எட்டு. ஒன்றேகால் அவுன்சுக்குச் சற்றுக் குறைந்த 12 போர் தோட்டாவில் ஒன்பது அடங்கும், 20 போரில் ஏழு. தேவை கூடும் இடத்தில் குறைத்துக்கொள்ளும் வேலை அது. அதைவிட முக்கியம், சுடும் உரிமை நம்மிடம் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடிக்க மட்டுமே அனுமதி, ஒரு கிலோமீட்டருக்குள் அதுவும் இல்லை. வடகரை, மேக்கரைத் தோப்புகள் மலைக்கு எவ்வளவு பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவின் பேரில் லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடவைக்கிறார்கள். அந்த வழக்கம் இங்கே செல்லாது.

1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று முதலில் நினைப்பது வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு. அதே சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிப் பாகமும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் வருகிறது. ஆகவே பெட்டியில் சும்மா கிடந்தாலும் குழல் குழல்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக்கூடாது, முன்பு மூன்று.

வடகரை வாசகருக்கு என் பதில்: சின்னக் குழலை மாட்டாதீர்கள், அதற்குத் தோட்டா தேடாதீர்கள். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, அதில் இரண்டாவது ஜோடிக் குழல், போர் அளவோடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் அது அதைவிட அவசரம். பதிவு இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்காமல் ஆட்சியர் அலுவலகத்தில் நீங்களே முன்வந்து எழுத்தில் சொல்லிவிடுங்கள்.