முடிச்சுப் போடாத தையல்காரர்

மும்பை மாஹிமில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையகலத் திண்டு ஒன்று உண்டு. காலையில் குக்கர் இறங்கியதும் அம்மா முதல் பிடிச் சோற்றை அங்கேதான் வைப்பாள். ஊரில் காக்காய்க்கு வைத்துப் பழகிய கை!

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. ஜன்னலுக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் எம்பிராய்டரி போட வேண்டுமாம்.

முதலில் காக்காய். கறுப்பு நூலால் நிரப்பி முடித்தவள், “என்னடா, அண்டங்காக்கா மாதிரி இருக்கு?” என்றாள். திண்டில் உட்கார்ந்திருந்ததை உற்றுப் பார்த்தோம். கழுத்து சாம்பல் நிறம்! வீட்டுக் காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல்; அண்டங்காக்கைக்குத்தான் உடம்பு முழுக்கக் கறுப்பு. இத்தனை வருடம் சோறு வைத்தவளுக்கு, அதை ஊசிதான் காட்டிக் கொடுத்தது.

கழுத்தைக் கவனித்தே பெரிய ஆள் ஆனவர் ஒருவர் உண்டு. மும்பையில் 1896-ல் பிறந்த சலீம் அலி, சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டார். அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். பிற்காலத்தில் நாடே அறிந்த பறவை அறிஞர் ஆனார்.

அடுத்து புறா. கழுத்துக்குப் பச்சை நூலா, ஊதா நூலா? அது தலையை ஆட்டும்போதெல்லாம் நிறம் மாறியது. இறகின் நுண்ணிய இழைகள்மேல் மிக மெல்லிய படலம் இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நாம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் காட்டும். சோப்புக் குமிழியின் வானவில்லும் இப்படித்தான். அம்மா இரண்டு நிறப் பட்டு நூலையும் அடுத்தடுத்து இழைத்தாள்.

ஆனால் புறாவுக்குத் துணியில் மட்டும்தான் இடம். திண்டுக்கு வந்தால் சோற்றை எடுத்துவிடுவாள். புறாவின் காய்ந்த எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் நோய் வரும். பக்கத்துத் தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாவை 2025-ல் மாநகராட்சி மூடியது அதனால்தான்.

ஒரு விருந்தாளி மட்டும் சோற்றைச் சீண்டவே இல்லை. கட்டைவிரல் அளவு உடம்பு, துருநிற உச்சி, நிமிர்ந்த வால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். தையல்சிட்டு! ஏன் சோறு வேண்டாம் என்பதை அலகே சொல்லும். சிட்டுக்குருவியின் அலகு கூம்பு மாதிரி தடித்தது. தானியத்தின் உமியை உடைக்கும். தையல்சிட்டின் அலகோ ஊசி மாதிரி மெல்லியது. பூச்சி பிடிக்கத்தான் லாயக்கு.

அந்த அலகு தைக்கவும் செய்யும். கீழே செம்பருத்திச் செடியில், குஞ்சுகள் பறந்துபோன கூட்டை அம்மாவுக்குக் காட்டினேன். இரண்டு இலைகளின் ஓரங்களைச் சேர்த்து, ஊசிமுனையளவு ஓட்டைகள். ஓட்டை சிறிது என்பதால் இலை வாடாமல் பச்சையாகவே இருந்து கூட்டை மறைக்கும். நூலாகப் பஞ்சு, நார், சிலந்தி இழை. உள்ளே மெத்தென்று பஞ்சு.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். “முடிச்சையே காணோமே, எப்படிடா நிக்குது?”

ஓட்டைக்கு வெளியே வந்த பஞ்சின் நுனி பிரிந்து உப்பிக்கொள்கிறது. அதனால் திரும்ப உள்ளே நழுவாது. சட்டைப் பித்தான் துளைக்குள் நிற்பது போலத்தான். தைப்பது பெண் பறவை.

“சரி, இவளுக்கு நான் எதைப் போடுறது?” என்று கேட்டாள் அம்மா.

“ஒண்ணும் போட வேண்டாம். எலுமிச்சைத் தொட்டிக்கு மருந்து அடிக்காம இரு, போதும்.”

மருந்து நின்றது. இலைகளில் பச்சைப் புழுக்கள் வந்தன. பின்னாலேயே தையல்சிட்டும் வந்தது. சிட்டுக்குருவியும் குஞ்சுகளுக்காக அங்கே பூச்சி தேடியது. தானியம் தின்னும் குருவிதான், ஆனாலும் குஞ்சு வளரப் பூச்சி வேண்டுமே!

துணி இப்போது எங்கள் சுவரில் தொங்குகிறது. காக்காய்க்கு முன்னால் வெள்ளை நூலில் நாலு பருக்கை. தையல்சிட்டுக்கு முன்னால், ஓரம் கடிபட்ட எலுமிச்சை இலையில், பச்சை நூலில் ஒரு குண்டுப் புழு.