நெல் வயலில் ஓடும் சிலந்தி

1895-ஆம் வருஷத்தில் பெரியாற்று அணை திறக்கப்பட்டதன் பயனாய் மேலூர்ப் பகுதியில் நெற்சாகுபடி விருத்தியடைந்தது. கால்வாய் நீர் வந்ததும் பல கிராமங்களில் ஒருங்கே நடவு நடைபெறுவதால், புகையான் பூச்சிக்கும் ஏராளமாய் உணவு கிடைக்கின்றது. இப்பூச்சி பயிரின் அடித்தண்டிற் சாற்றை உறிஞ்சும். சேதம் முற்றினால் பயிர் வட்டவட்டமாய்த் தீய்ந்தது போலக் காய்ந்து சாய்ந்துவிடும்.

புகையானை உண்ணும் பிராணிகளுள் முக்கியமானது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னுவதில்லை. குத்துக்களின் அடியில் நீர்மட்டத்திற்கு அருகே வசித்து, நீரின்மேலும் ஓடி இரையைப் பிடிக்கும். இதன் முதுகில் கவை போன்ற அடையாளம் காணப்படும். பெண் சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகள் பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றித் திரியும். ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணும். பயிருக்கு இதனால் யாதொரு தீங்குமில்லை.

புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவினுள் இடுகின்றது. ஆதலால் மருந்து தெளித்தாலும் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். வெளியே ஓடும் சிலந்திகளோ மடியும். பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகையின்மையால், புகையான் முன்னிலும் அதிகமாய்ப் பெருகும். இக்காரணம் பற்றியே இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளை விலக்கிற்று.

ஆகையால் மருந்து வாங்குமுன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. வயலின் குறுக்கே நடந்து, பல இடங்களில் குத்துக்களை விலக்கி, அடித்தண்டிலுள்ள புகையானையும் சிலந்தியையும் சேர்த்து எண்ணுக.

2. சிலந்தி இல்லாவிடில், தூருக்கு 1 பூச்சி கண்டால் மருந்து அவசியம். குத்துக்கு 1 சிலந்தி இருப்பின், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். அதாவது 15 தூருள்ள குத்தில் முன்னதற்கு 15, பின்னதற்கு 30 பூச்சிகள்.

3. நடவின்போது 2½ மீட்டருக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் பாதை விடுக. பூச்சி தோன்றின் நீரை வடித்து வயலைக் காயவிடுக.

4. தெளிக்க நேர்ந்தால் நீரை வடித்துவிட்டு, தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானைப் பெருக்குவதால், அவற்றை அறவே விலக்குக.

கிராம அலுவலர்களும் பூச்சிச் சேதத்தைத் தெரிவிக்குங்கால் சிலந்தியின் எண்ணிக்கையையும் குறித்தனுப்பினால், எவ்வயலுக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகும். வீண் செலவும் மிச்சமாகும்.