ஆசிரியர் முதலில் செய்த சோதனை

விஞ்ஞானத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது எளிது. செய்துகாட்டச் சொன்னால்தான் ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் தயங்குவோம். அத்தயக்கத்தைப் போக்க முனைந்த திட்டமொன்று, இன்று நர்மதாபுரம் எனப்படும் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்தது. கிஷோர் பாரதி முதலிய இரு தொண்டு நிறுவனங்கள் 1972-ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதனைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் துணை நின்றனர்.

மாணவர் செய்யவேண்டிய சோதனைகளைக் கோடைப் பயிற்சியில் ஆசிரியர்களே முதலில் செய்தனர். பூவைப் பிரித்துப் பார்த்தனர். அளவுகள் ஒருவருக்கொருவர் மாறுபட்டால், ஏன் என்று வாதிட்டனர். பள்ளி திறந்தபின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் நேர்ந்த இடர்ப்பாடுகளை ஆராய்ந்தனர். கோடைப் பயிற்சியினும் இந்த மாதக் கூட்டத்தையே நான் பெரிதென்பேன். ஐயம் எழுவது வகுப்பில் அல்லவா?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு உவப்பான செய்தியும் உண்டு. அங்கே அப்போது பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடிந்தது. ஆனால் செய்முறைத் தேர்வும் இருந்தது, மனப்பாடம் செல்லவில்லை! பாடத்திற்கு அப்பாற்பட்ட ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினால், விடை வந்தது.

1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்தியது. மற்ற மாவட்டங்களின் பாடநூலே அங்கும் வந்து சேர்ந்தது.